விசுவமடுப் பக்கம் ஒரு நூலக அறை

பரந்தன் சந்தியில் பஸ் ஏ-9 வீதியை விட்டு முல்லைத்தீவுப் பக்கம் திரும்புகிறது. தருமபுரம், விசுவமடு என நீளும் இதே வீதியால்தான் 2009 இன் முதல் மாதங்களில் எமது சனம் மூட்டை முடிச்சுகளுடன் இடம்பெயர்ந்தது. அன்று புத்தகங்களைச் சுமக்க யாருக்குக் கை இருந்தது? இன்று அவ்வீதியோரப் பாடசாலை ஒன்றில் சில இறாக்கைகளுடன் ஒரு நூலக அறை இருக்கிறது. தாய்மார் கூட்டத்துக்காகச் சென்ற நான் ஒரு பாடவேளை அங்கு அமர்ந்திருந்தேன்.

"பாம்பு கடித்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?" தரம் 8 பிள்ளைகளுக்கு ஆசிரியை கொடுத்த கேள்வி இது. வயலிலும் காட்டோரத்திலும் வாழும் வன்னி மக்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. பிள்ளைகள் மருத்துவ நூல்களுக்குரிய 610 ஆம் இலக்கத்தைத் தேடினர். ஒரு பழைய நூல் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டச் சொன்னது. புதிய சுகாதாரக் கைந்நூலோ, கட்டவும் கீறவும் கூடாது, கடிபட்டவரை அசையவிடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்றது.

"இப்ப எதை நம்புறது? ஆர் எழுதினது, எந்த ஆண்டு அச்சடிச்சது, வேற புத்தகமும் இதைத்தான் சொல்லுதோ எண்டு பாருங்கோ" என்றார் ஆசிரியை. இறுக்கிக் கட்டினால் இரத்தவோட்டம் தடைப்பட்டு அவயவமே பழுதாகலாம் என்பதைப் பிள்ளைகள் தாங்களே வாசித்து அறிந்தனர். தகவலைத் தேடுவதும் அதைச் சீர்தூக்கிப் பார்ப்பதும் இப்படித்தான் பழக்கத்தில் வருகின்றன.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாகின. அந்த இழப்பை அறிந்த எமக்கு இச்சிறிய அறையின் பெறுமதி புரியும்.

அன்றைய கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார்: "பிள்ளை, வீட்டுத்திட்டப் பட்டியலில எங்கட பேர் ஏன் வரேல்லை எண்டு ஆரிட்டக் கேக்கிறது?" அதற்கும் வழி உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பிரதேச செயலகத் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். காரணம் கூறத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது முடிவை அறிவிக்க வேண்டும். எழுத முடியாதவர் வாய்மொழியாகவும் கேட்கலாம்.

சகோதரிகளே, கடன் கொடுக்க வருபவரின் பத்திரமானாலும், கைத்தொலைபேசியில் வரும் வைத்தியக் குறிப்பானாலும், அந்த ஆசிரியையின் மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் நூலக அறை தினமும் திறக்கப்படுகிறதா என்றும் விசாரியுங்கள். பூட்டிக் கிடக்கும் இறாக்கையால் எவருக்கும் பயனில்லை.