குங்குமச் சிமிழும் ஒன்பது புடவைகளும்

2018 ஆடியில் ஒரு தம்பி தன் அம்மாவோடு என் காஞ்சிபுரம் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தபோது கையில் ஒரு பத்திரிகை நறுக்கு வைத்திருந்தான். முந்தைய ஆண்டு ஜூலையில் ரிசர்வ் வங்கி விட்ட சுற்றறிக்கை பற்றிய செய்தி. நம் தவறில்லாமல் வேறு யாரோ பணத்தை எடுத்துவிட்டால், மூன்று வேலை நாளுக்குள் வங்கியிடம் சொன்னால் போதும், இழப்பு நம் தலையில் விழாது. சிவப்பு மையில் அடிக்கோடு.

"இது கார்டு வச்சிருக்கிறவருக்குத் தம்பி. நீ கடைக்காரன்" என்றேன்.

வீட்டுத் தறியில் நெய்ததையும் அக்கம்பக்கத்தில் வாங்கியதையும் இணையத்தில் விற்கும் சிறிய கடை அது. அமெரிக்காவிலிருந்து ஒரே வாரத்தில் ஒன்பது பட்டுப்புடவைக்கு ஆர்டர், எல்லாம் விசா கார்டில். பணம் வந்தது, சரக்கு போனது. இரண்டு மாதம் கழித்து, கார்டுகளின் சொந்தக்காரர்கள் 'நாங்கள் வாங்கவே இல்லை' என்று அவரவர் வங்கியில் சொல்லிவிட்டார்கள். பேமென்ட் கேட்வே நிறுவனம் 2,38,000 ரூபாயை இவன் கணக்கிலிருந்து கழித்துக்கொண்டது.

"பேங்க்தான சார் அப்ரூவ் பண்ணுச்சு? அப்புறம் என்கிட்ட எப்படி எடுப்பாங்க?"

வழக்கில் பாதி இந்தக் கேள்விதான். கார்டு முடக்கப்படவில்லை, வரம்பில் இடமிருக்கிறது என்பதற்குத்தான் வங்கி 'சரி' சொல்கிறது. எண்ணைத் தட்டிய விரல் யாருடையது என்று அதற்குத் தெரியாது. உள்நாட்டுக் கார்டுகளால் இவனுக்குத் தொல்லை வந்ததே இல்லை. 2009 ஆகஸ்டிலிருந்து இணையத்தில் அவற்றுக்குக் கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். வெளிநாட்டு வங்கிகள் கொடுத்த கார்டுகளை அந்த விதி கட்டுப்படுத்தாது. அவற்றுக்கும் 'த்ரீ-டி செக்யூர்' சரிபார்ப்பு கேட்வேயில் இருந்தது. இரண்டு புடவை வாங்கிய பிறகு அந்த 'வாடிக்கையாளர்' மின்னஞ்சலில் குறைப்பட்டிருக்கிறார்: பாஸ்வேர்டு பக்கம் நின்றுவிடுகிறது, இன்னும் ஏழு வேண்டும், ஏதாவது செய்யுங்கள். இவன் சரிபார்ப்பை அணைத்துவிட்டான்.

ஒப்பந்தத்தில் இப்படிப்பட்ட இழப்பு கடைக்காரருக்கே என்று தெளிவாக இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தான். (என் வங்கிப் படிவங்களை நானும் படித்ததில்லை. அதை அவனிடம் சொல்லவில்லை.) நுகர்வோர் மன்றத்துக்குப் போனால் 'வணிக நோக்கம்' என்று எதிர்த்தரப்பு எழும். சுயதொழில் செய்து பிழைப்பவர் என்று வாதாடலாம்தான், ஆனால் அந்தக் கையெழுத்தை என்ன செய்வது? கேட்வேக்குப் பதில் சொல்லவோ நான்கு நாள்தான் பாக்கி.

பரிவர்த்தனைப் பதிவுகளைக் கேட்டு வாங்கி ஓர் இரவு முழுக்கப் பார்த்தேன். சட்டப் புத்தகத்தைவிட அதில் விஷயம் இருந்தது. ஒன்பது பார்சலும் டெலவேர் மாநிலத்தில் ஒரே கட்டடத்துக்கு, அறை எண் மட்டும் வேறு. பார்சலை வாங்கி வேறு நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் கிடங்கு. அதற்கும் பத்து நாள் முன்னால், பதினொரு நிமிடத்துக்குள் இருபத்தாறு கார்டுகள் மறுக்கப்பட்டு, இருபத்தேழாவதில் ஒரு குங்குமச் சிமிழ் விற்றிருந்தது. விலை 180 ரூபாய், அனுப்பும் கட்டணம் 1,400.

"அமெரிக்காவுல சிமிழ் கிடைக்காதுன்னு நெனச்சேன் சார்."

திருட்டுக் கார்டில் எது உயிரோடு இருக்கிறது என்று சோதிக்கத்தான் சிமிழ்.

பதிவில் ஒரு பத்தியில் ஏழு ஆர்டருக்கு 07, முதல் இரண்டுக்கு மட்டும் 05. விசாவில் 05 என்றால் சரிபார்ப்பு முழுமையாக முடிந்தது என்று பொருள். அதன்பின் மோசடி நடந்தால் பொறுப்பு கார்டு கொடுத்த வங்கிக்கு. திருடன் பாஸ்வேர்டையும் சேர்த்தே திருடியிருக்க வேண்டும். அந்த இரண்டுக்கு மட்டும் பதிவுகளை இணைத்து ஆட்சேபம் அனுப்பினேன். வழக்கு என்று வந்தால் இருக்கட்டுமென்று, மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாக்கத் தேவையான 65பி சான்றிதழும் கேட்டு வைத்தேன், தேவைப்படவில்லை. 61,000 ரூபாய் திரும்பி வந்தது.

ஏழு புடவை போனது போனதுதான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, 66டி பிரிவுகளைச் சொல்லிப் புகார் கொடுத்தோம், மனு ரசீது கிடைத்தது. ஏழில் ஒன்று அம்மாவே நெய்தது. "மாம்பழக் கலர், அரக்கு பார்டர்" என்று மட்டும் சொன்னார்.

இப்போது சரிபார்ப்பு இல்லாமல் எந்தக் கார்டையும் தம்பி ஏற்பதில்லை. மூன்று முறை மறுக்கப்பட்டால் கடை அந்த ஆளுக்கு மூடிக்கொள்ளும். பெரிய ஆர்டர் என்றால் வீடியோவில் புடவையை விரித்துக் காட்டிப் பேசிவிட்டுத்தான் பார்சல் கட்டுகிறான். குங்குமச் சிமிழ் மட்டும் வெளிநாட்டுக்குக் கிடையாது.