துக்க வீட்டில் விலை கேட்பது

கல்யாண வீட்டில் வாழைமரத்துக்குக்கூட மூன்று கடை ஏறி இறங்கி விலை கேட்கிறோம். சாவு வீட்டில் யாரும் எதற்கும் விலை கேட்பதில்லை. கேட்டால், ‘பெத்தவங்களுக்கே கணக்குப் பார்க்கிறான்’ என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தால் கடனாளியான குடும்பங்களை எங்கள் பகுதியில் நிறையப் பார்த்திருக்கிறேன். வட சென்னையில் எங்கள் தெருக்களில் ஒரு வீட்டில் துக்கம் என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். நான் சடங்கு செய்து வைப்பவன் அல்ல, வண்டி விடுபவனும் அல்ல. அந்த வீட்டுக்காரர்கள் கேட்கக் கூச்சப்படும் விலையை அவர்களுக்காகக் கேட்பவன். இதற்கு யாரிடமும் காசு வாங்குவதில்லை.

செலவில் பெரும்பகுதி முதல் இரண்டு மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் மூத்த மகன் வெளியூர்க்காரர்களுக்கு போன் போட்டுக்கொண்டிருப்பார். மகள் அழுதுகொண்டிருப்பாள். யாரோ ஒரு சித்தப்பா, “நமக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கான், எல்லாத்தையும் அவனே பார்த்துப்பான்” என்பார். வருகிறவர் ஒரே தொகையாகச் சொல்வார். ஃப்ரீசர் பாக்ஸ், வண்டி, பாடை, பூ, பறை, ஷாமியானா, நாற்காலி எல்லாம் அதற்குள் அடக்கம். மகன் தலையாட்டிவிடுவார். என் முதல் வேலை அந்த ஒரே தொகையைப் பிரித்துப் போடச் சொல்வதுதான். ஒரு தாளில் ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை எழுதச் சொன்னால், எது வேண்டும், எது வேண்டாம் என்று அழுகைக்கு நடுவிலும் வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்துவிடும்.

ஃப்ரீசர் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்கு இரண்டு பேர் தூக்கி வந்து கூடத்தில் வைக்கிறார்கள். ப்ளக் எட்டாது, எக்ஸ்டென்ஷன் போர்டு தேட வேண்டும். கீழே தண்ணீர் சொட்டும் என்பதால் பழைய துணி விரிக்க வேண்டும். இதெல்லாம் முடிந்து பெட்டிக்காரர் கிளம்பும்போது வாசலில் நிறுத்திக் கேட்பேன்.

“அண்ணே, வாடகை நாள் கணக்கா, மணி கணக்கா?”

“நாள் கணக்குதான் சார்.”

“இப்ப பத்து மணி. நாளைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்துடுவோம். அது ஒரு நாளா, ரெண்டு நாளா?”

கொஞ்சம் யோசிப்பார். “ஒரு நாளே போட்டுக்கலாம் சார்.”

அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. யாரும் கேட்காததால் தேதி மாறினால் இரண்டு நாள் என்பது வழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான். கொண்டுவரும் வண்டிச் சத்தம் வாடகையில் சேர்த்தியா, தூக்குக் கூலி தனியா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். அடுத்தடுத்த தெருவில் இருக்கும் இரண்டு பேர் ஒரே மாதிரிப் பெட்டிக்கு இரண்டு விதமான வாடகை சொல்வது சாதாரணம். இதைவிட முக்கியமான கேள்வி, பெட்டி வேண்டுமா என்பதே. காலையில் உயிர் போய், சாயங்காலமே எடுத்துவிடலாம், வர வேண்டியவர்கள் எல்லாம் ஊரிலேயே இருக்கிறார்கள் என்றால் பெட்டி எதற்கு? ‘எல்லார் வீட்டிலும் வைக்கிறார்கள்’ என்பதற்காக வைக்கப்பட்ட பெட்டிகள் அதிகம்.

வண்டி விஷயத்தில் தெரியாமையால் போகும் காசுதான் எனக்கு மிகுந்த வேதனை தருவது. அரசு மருத்துவமனையில் இறந்தவர்களை வீட்டுக்கோ மயானத்துக்கோ கொண்டுசேர்க்கத் தமிழக அரசின் இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. 155377 என்ற எண்ணை அழைக்கலாம், மருத்துவமனையிலேயே கேட்கலாம். பிணவறை வாசலில் நிற்கும்போது இந்த எண் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. அங்கே நிற்கும் தனியார் வண்டிதான் கண்ணில் படும். அதேபோல, சென்னை மாநகராட்சி மயானங்களில் எரிப்பதற்கும் புதைப்பதற்கும் கட்டணம் கிடையாது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. நடுவில் நின்று ‘நான் முடித்துத் தருகிறேன்’ என்று கை நீட்டுகிறவருக்குக் கொடுத்துப் பழகிவிட்டார்கள். நான் குடும்பத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நேரே மயான அலுவலகத்துக்குப் போய், மருத்துவர் சான்றையும் ஆதார் நகலையும் கொடுத்து நேரம் பதிந்துவிட்டு வருவேன். வேறு யாரையும் பார்க்க வேண்டியதில்லை.

மருத்துவர் சான்று என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வயதானவர் வீட்டிலேயே, தூக்கத்திலேயே போய்விட்டால் பதற்றத்தில் ஆட்டோவில் போட்டு மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். அங்கே, வரும்போதே உயிர் இல்லை என்று எழுதுவார்கள். பிறகு போலீஸ் தகவல், சில சமயம் பிரேதப் பரிசோதனை என்று ஒரு முழு நாள் போய்விடும். தொடர்ந்து வைத்தியம் பார்த்த டாக்டர் பக்கத்தில் இருந்தால், அவரை வீட்டுக்கு அழைப்பதே நல்லது. இயற்கையான மரணம் என்று அவருக்குத் தெளிவாக இருந்தால், இறப்புக்கான காரணத்தைக் குறிக்கும் 4ஏ படிவத்தை அவரே தரலாம். அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். சந்தேகத்துக்கு இடமிருக்கும் சாவு என்றால் இந்தப் பேச்சே இல்லை, போலீசுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

விலை கேட்பது என்றால் எல்லாரிடமும் பேரம் பேசுவது என்று அர்த்தமில்லை. எரிமேடையில் நிற்பவர், குழி வெட்டுபவர், பறை அடிப்பவர், பாடை கட்டுபவர் ஆகியோரிடம் நான் பேரம் பேசுவதில்லை. குடும்பத்தையும் பேச விடுவதில்லை. பூத்தேருக்கு ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுத்துவிட்டு, குழி வெட்டியவரிடம் நூறு ரூபாய்க்குச் சண்டை போடும் வீடுகள் உண்டு. சிக்கனம் அங்கே அல்ல. பச்சை மூங்கிலும் தென்னை ஓலையும் கொண்டு பாடை கட்டுகிறவரின் கையைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். இரண்டு நீள மூங்கில், குறுக்கே சின்னக் கழிகள், ஓலையை வகிர்ந்து முடையும் வேகம், சணல் கயிற்றை இழுத்துப் போடும் முடிச்சு. நாலு பேர் தோளில் ஆடாமல் போக வேண்டும் என்ற கணக்கு அவர் கையில் இருக்கிறது. அவருக்கு உரிய கூலியைப் பேசிய இடத்திலேயே கொடுங்கள். வீட்டுக்காரர் குடிக்கும் டம்ளரிலேயே அவருக்கும் டீ கொடுங்கள். குவார்ட்டர் வாங்கிக் கொடுத்துக் கணக்கு முடிப்பது கூலியாகாது. அதை நான் எந்த வீட்டிலும் ஒப்புக்கொள்வதில்லை.

எங்கே குறைப்பது என்று கேட்டால், எடுப்புக்காகச் செய்வதில்தான். பூத்தேர், சரவெடி, தெரு முழுக்கக் கண்ணீர் அஞ்சலி பேனர். வழியெல்லாம் வீசிய பூவை மறுநாள் காலையில் கூட்டுவது தூய்மைப் பணியாளர். வெடியில் பயப்படுவது எதிர் வீட்டுக் குழந்தை. சடங்கு வேறு, எடுப்பு வேறு. நீர்மாலை, வாய்க்கரிசி, கோடி, நெய்ப்பந்தம், கொள்ளிச்சட்டி என்று ஒரு குடும்பம் வழிவழியாகச் செய்வதை நான் தொட மாட்டேன். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வரும் அந்த ஐந்து நிமிடம் அவர்களுக்கு வேண்டும். இந்தச் சாமான்கள் எல்லாம் சேர்ந்தும் பெரிய தொகை வராது. கடையில் ‘செட்’ ஆகக் கேட்காமல் வீட்டுப் பெரியவரைக் கொண்டு பட்டியல் எழுதி வாங்கினால் இன்னும் குறையும், ஏனென்றால் அரிசி, நல்லெண்ணெய், சீயக்காய், சூடம் எல்லாம் வீட்டிலேயே இருக்கும்.

எங்கள் தெருக்கோடியில் இஸ்லாமியக் குடும்பங்கள் இருக்கின்றன. எளிமையை நான் கற்றது அவர்களிடம். உறவினர்களே குளிப்பாட்டுகிறார்கள். ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு ஐந்து என்று வெள்ளைக் கபன் துணி. பள்ளிவாசலிலிருந்து உடலைச் சுமக்கும் சந்தூக் வருகிறது, அடக்கம் முடிந்ததும் பள்ளிவாசலுக்கே திரும்பிப் போகிறது. பணக்காரருக்கும் கூலிக்காரருக்கும் அதே துணி, அதே சந்தூக். நம் வீடுகளிலும் தெருவுக்குப் பொதுவாக ஒரு பெட்டியும் ஷாமியானாவும் இருந்தால் என்ன என்று கேட்டு, எங்கள் நலச்சங்கத்தில் அதற்காக மாதச் சந்தா சேர்க்கிறோம்.

உண்மையில் இந்த விலையையெல்லாம் கேட்க வேண்டிய நேரம் வேறு. ஆள் உயிரோடு, தெளிவோடு இருக்கும்போது கேட்க வேண்டும். “இப்பவே சாவைப் பத்திப் பேசுறதா?” என்று பிள்ளைகள்தான் தடுப்பார்கள். பெரியவர்கள் தடுப்பதில்லை. எங்கள் தெருவில் ஒரு அம்மா, பூ கட்டிப் பிழைத்தவர், ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். “தம்பி, எழுதிக்கோ. என்னை ராத்திரி வச்சிருக்காதீங்க. பொண்ணு ஆம்பூர்லேருந்து வர்ற வரைக்கும் போதும். பூத்தேர் வேணாம், நானே ஒரு முழம் பூ என்ன விலைன்னு தெரிஞ்சவ. கண்ணைக் குடுத்துடுங்க. பதினாறாம் நாளு சாப்பாட்டுல வடை மட்டும் போடுங்க.” மகனையும் மகளையும் எதிரே வைத்துக்கொண்டுதான் எழுதினேன். பிறகு அவர் போனபோது பூத்தேர் இல்லை என்று ஒரு சம்பந்தி முகம் சுளித்தார். மகள் அந்த நோட்டுப் பக்கத்தை எடுத்துக் காட்டினாள். அம்மாவின் கையெழுத்து கீழே இருந்தது. அதற்குமேல் யாரும் பேசவில்லை. இப்படி ஒரு பக்கம் எழுதிவைக்கச் சட்டத்தில் விதி எதுவும் தேவையில்லை. ஆனால் முதல் இரண்டு மணி நேரத்தில், யார் அழுதாலும் யார் அதட்டினாலும், அந்தப் பக்கம் போனவரின் சொல்லாக நிற்கிறது.

அந்த அம்மா கேட்ட கண் தானத்துக்கு, உயிர் போனதிலிருந்து ஆறு மணி நேரம்தான் அவகாசம். கண்புரை அறுவை செய்தவர்கள், சர்க்கரை நோயாளிகள், கண்ணாடி போட்டவர்கள் எல்லாரும் கொடுக்கலாம். கண் வங்கிக்குச் சொல்லிவிட்டு, இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, தலையணையால் தலையைக் கொஞ்சம் உயர்த்தி, ஃபேனை நிறுத்திவிட்டால் போதும். அவர்கள் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வார்கள். காசு கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் மாட்டார்கள்.

பால் தெளிப்பு முடிந்த பிறகு நான் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போவேன். இந்த முறை காகிதங்களுக்காக. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனையில் நடந்தால் அவர்களே தெரிவிப்பார்கள், வீட்டில் நடந்தால் நாம்தான் தெரிவிக்க வேண்டும். தள்ளிப்போட்டால் அபராதம், ஓராண்டு தாண்டினால் கோட்டாட்சியர் வரை அலைச்சல். பெயரின் எழுத்தை ஆதாரோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டச் சொல்வேன். ‘முருகேசன்’ ஒன்றில் இருக்க ‘முருகேசு’ இன்னொன்றில் இருந்தால், வங்கியிலும் தபால் ஆபீசிலும் பணம் நிற்கும். இறந்தவர் இஎஸ்ஐ காப்பீட்டில் இருந்தவர் என்றால், ஈமச் செலவுக்கு உண்மையில் ஆன தொகையை, அதிகபட்சம் 15,000 ரூபாய் வரை, குடும்பத்தின் மூத்தவரோ செலவு செய்தவரோ பெறலாம். மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். தொழிலாளர் நல வாரியங்களில் பதிந்த கட்டடத் தொழிலாளிக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் இதற்கென்று தனி உதவித்தொகை உண்டு. முதல் நாள் இரவு விலை எழுதி வாங்கிய அந்தத் தாளும், பெட்டிக்காரரும் ஷாமியானாக்காரரும் கொடுத்த ரசீதும் அந்த வீட்டில் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்பேன். பெரும்பாலும் அலமாரியில், இறந்தவரின் ஆதார் அட்டையோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பார்கள். மூத்த மகன் விண்ணப்பத்தை நிரப்ப, நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்களைப் படித்துச் சொல்வேன்.