கொண்டைக்கு இடம் விட்ட தொப்பி

கம்பம், கூடலூர், போடிப் பக்கம் விடியற்காலையில் ரோட்டோரம் நின்று பாருங்கள். ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை அடைத்துக்கொண்டு ஜீப்புகள் கம்பம்மெட்டுக்கும் குமுளிக்கும் போடிமெட்டுக்கும் ஏறும். அவர்களில் நம் சேரிப் பெண்கள் ஏராளம். கீழே புழுக்கம், மேலே சாரலும் குளிரும். தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, நம் பள்ளத்தாக்குக்குக் காற்றை மட்டும் அனுப்பும். இந்தப் பெண்கள் தலைக்குத் துண்டைக் கட்டி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொள்வார்கள்.

எங்கள் மகளிர் குழுவில் கம்பளித் தொப்பி பின்னத் தொடங்கியது இதற்காகத்தான். கம்பளி என்கிறோமே தவிர, கடையில் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக் நூல். அதுவும் நல்லதுதான், துவைத்தால் சீக்கிரம் காயும்.

கையில் இருந்தது ஒரு வெளிநாட்டு மாதிரி. 90 கண்ணி போடச் சொன்னது. அது தடித்த நூலுக்கு, அங்குலத்துக்கு நாலரைக் கண்ணி என்று எழுதிய கணக்கு. எங்கள் நூல் மெலிசு. சின்னச் சதுரம் ஒன்றைப் பின்னி அளந்தால் அங்குலத்துக்கு 6 கண்ணி வந்தது. 90 போட்டிருந்தால் 15 அங்குலம்தான், கைக்குழந்தைக்குத்தான் ஆகும். 22 அங்குலத் தலைக்கு 20 அங்குலத் தொப்பி பிடிப்பாக நிற்கும். ஆக 120 கண்ணி. இந்த எண் வேறு விதத்திலும் வசதி: விளிம்புக்கு இரண்டு பிளெயின், இரண்டு பர்ல் என்று போட நாலால் வகுபடும். உச்சியில் குறைக்க எட்டால் வகுத்தால் பங்குக்கு 15. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, பங்குக்கு ஒரு கண்ணி குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் எட்டுக் கண்ணி மிஞ்சும். அதில் நூலைக் கோத்து இறுக்கிவிடலாம்.

கணக்கு சரியாக வந்தும் தொப்பி தலையில் நிற்கவில்லை. எல்லோருக்கும் கொண்டை! மாதிரி எழுதியவருக்குக் கொண்டை போட்ட தலை ஞாபகத்தில் இல்லை. இரண்டு ஊசியில் தட்டையாகப் பின்னிப் பின்பக்கம் தைக்கிற தொப்பி என்பதால் வழி சுலபமாகக் கிடைத்தது. விளிம்பு இரண்டு அங்குலம் தைத்து, அடுத்த மூன்று அங்குலத்தைத் தைக்காமல் விட்டு, மேலே மறுபடி தைத்தோம். கொண்டை அந்த வழியாக வெளியே வந்துவிடும்.

நிறத்தில்தான் தகராறு. குழுவுக்கு உதவ வந்த கல்லூரித் தம்பி ஒருவர், எல்லாம் நீலமாக இருக்கட்டும் என்றார். ஒரு சின்னம்மா கேட்டார்: “நீலம் கொடியில இருக்கட்டும் தம்பி. எனக்கு ரோசும் மஞ்சளும் போடுங்க. பனியில தூரத்துல இருந்து தெரியணும்ல?” எனக்கும் அவர் பக்கம்தான் நியாயம் பட்டது. மீந்த நூலையெல்லாம் பட்டை பட்டையாகப் போட்டோம்.

தலையில் எதைப் போடுவது என்பது நமக்கு எப்போது வெறும் குளிர் விஷயமாக இருந்தது? 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஜே.எச். ஹட்டன் சாதி பற்றிய தன் நூலில் அவற்றைப் பதிந்திருக்கிறார். சட்டை, பனியன் போடக்கூடாது, பெண்கள் மேலுடம்பை மூடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது என்பதும் அதில் ஒன்று. சமூகவியல் படிக்கும் தம்பி தங்கைகள் அந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். மழையில் நனைவதைக்கூடச் சாதிக் கடமையாக்கியிருந்தார்கள்.

அடுத்த 21 வருடத்தில் வந்தது 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம். மழை, குளிரிலிருந்து காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றை முதலாளி கொடுக்க வேண்டும் என்று மாநில அரசு விதி செய்யலாம் என்றது அதன் 17ஆம் பிரிவு. 1981 திருத்தத்தில் ஏலமும் சேர்ந்தது. ஆனால் அந்தச் சட்டத்தில் 5 ஹெக்டேரும் 15 ஆளும் என்று வரம்பு இருந்தது. சின்னத் தோட்டங்களில் இன்று ஒரு காடு, நாளை ஒரு காடு என்று ஜீப்பில் மாறி மாறிப் போகும் பெண்ணை எந்த முதலாளியின் கணக்கில் சேர்ப்பது?

அதனால் தொப்பியை இலவசமாகக் கொடுத்துப் போட்டோ எடுக்கும் வேலையில் நாங்கள் இறங்கவில்லை. நூல் விலையை அவர்களே போடுகிறார்கள், தொப்பி அவர்கள் காசில் வாங்கியது. பின்னும்போதே ஒரு நோட்டில் எழுதுகிறோம்: எந்தத் தோட்டம், எத்தனை ஏக்கர், எத்தனை ஆள், மழைக்கு என்ன கொடுத்தார்கள். கடைசிப் பத்தியில் இதுவரை “ஒன்றுமில்லை” என்றுதான் விழுந்திருக்கிறது. பெயர் எழுத வேண்டாம், ஜீப்பில் ஏற்ற மாட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். எழுதவில்லை. ரோசும் மஞ்சளும் கேட்ட சின்னம்மா மட்டும் தன் பெயரை எழுதச் சொல்லி, எழுத்து சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை வாசித்துக் காட்டச் சொன்னார்.