நாலாக மடித்த பர்ஸ்!

நேப்பிள்ஸ் நகரத்தில் போய் இறங்கி, "இங்கே நல்ல பீட்ஸா எங்கே கிடைக்கும்?" என்று மட்டும் யாரையும் கேட்டுவிடாதீர்கள். கேட்டீர்களோ, தொலைந்தீர்கள்! டாக்ஸி டிரைவர் ஒரு கடையைச் சொல்வார். பக்கத்தில் பேப்பர் விற்பவர், "அதெல்லாம் ஒரு கடையா?" என்று குறுக்கே விழுவார். மாடியில் துணி காயப்போடுகிற அம்மாள் அங்கிருந்தபடியே மூன்றாவதாக ஒரு கடையை சிபாரிசு செய்வார். கைகள் ஆடும், குரல்கள் ஏறும். ஐந்தே நிமிஷத்தில் கேள்வி கேட்ட ஆள் ஒருத்தர் நிற்கிறார் என்பதையே மூன்று பேரும் மறந்துவிடுவார்கள்.

கொஞ்சம் பொறுமையாக விசாரித்தால் குட்டு வெளிப்படும். மூன்று பேரும் சொன்னது அவரவர் வீட்டுக்குக் கீழே இருக்கிற கடை!

வெறும் ஏரியா பாசம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. விஞ்ஞானமும் அவர்கள் கட்சிதான்.

நேப்பிள்ஸ் பீட்ஸாவைக் காப்பாற்றவே 1984-ல் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதன் சட்டதிட்டங்களைப் படித்தால் நம்ம ஆடிட்டர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர பிசைவதில் வேறு எதுவும் சேரக்கூடாது. சப்பாத்திக் கட்டை பக்கத்திலேயே வரக்கூடாது, கையால்தான் விரிக்க வேண்டும். குறுக்களவு 35 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. விறகு அடுப்பின் சூடு சுமார் 485 டிகிரி செல்ஷியஸ். (வீட்டு 'அவன்' 250-ஐத் தொடுவதற்குள் மூச்சு வாங்கும்!) உள்ளே போன பீட்ஸா 60 முதல் 90 விநாடிக்குள் வெளியே வந்தாக வேண்டும்.

90 விநாடி! நம்ம ஆபீஸ் லிஃப்ட் கீழே வருவதற்குள் ஒரு பீட்ஸா ரெடி.

இந்த அவசரத்தில்தான் ருசியே இருக்கிறது. ஓரம் 'புஸ்'ஸென்று உப்பி, சிறுத்தைத் தோல் மாதிரி அங்கங்கே கரும்புள்ளி விழுகிறது. நடுப்பகுதிக்குக் காய நேரமில்லை. தக்காளிச் சாறும் உருகிய சீஸுமாகத் தளதளவென்று ஈரமாகவே இருக்கும். வெளியூர்க்காரர்கள் "வேகலையே!" என்று விழிப்பது அந்த இடத்தில்தான். வெந்ததன் லட்சணமே அது என்பது உள்ளூர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அதே ஈரம்தான் வில்லனும். அட்டைப்பெட்டியில் மூடி எடுத்துக்கொண்டு பத்துத் தெரு தாண்டினால், உள்ளே ஆவி புழுங்கி ஓரமெல்லாம் தொய்ந்துவிடும். ஆறினால் இழுக்க இழுக்க ரப்பர்தான். கல்லிலிருந்து இறங்கின பரோட்டாவும் பார்சல் பரோட்டாவும் ஒன்றுதான் என்று எந்த மதுரைக்காரராவது ஒப்புக்கொள்வாரா? ஆகவே அடுப்புக்கும் வாய்க்கும் தூரம் குறையக் குறைய பீட்ஸாவின் மதிப்பு கூடும். வீட்டுக்குக் கீழே இருக்கிற கடைக்காக மூன்று பேர் சண்டை போட்டதில் நியாயம் இருக்கிறது, பார்த்தீர்களா?

சரி, நமக்கு அங்கே வீடு கிடையாது. என்ன செய்வது?

ரோமிலிருந்து அதிவேக ரயில் பிடித்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் நேப்பிள்ஸ். ஸ்டேஷனிலிருந்து பழைய நகரம் நடக்கிற தூரம்தான். அங்கே 'வியா தெய் திரிபுனாலி' என்று ஒரு தெரு. தமிழில் சொன்னால் கோர்ட்டுத் தெரு. நாலு பேர் சேர்ந்து நடந்தால் அடைத்துக்கொள்ளும் அகலம்; அதற்குள்ளேயே ஸ்கூட்டர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு பாயும். தலைக்கு மேலே துணிக்கொடி. இரண்டு பக்கமும் சர்ச், சர்ச்சுக்கு நடுவே பீட்ஸா கடை, கடைக்கு நடுவே இன்னொரு சர்ச்!

இங்கே கடை தேர்ந்தெடுக்க மூன்று சூத்திரங்கள். முதலாவது, வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கும் சர்வர் இருந்தால் நடையைக் கட்டுங்கள். நல்ல கடைக்காரருக்கு உங்களைக் கூப்பிட நேரமிருக்காது.

இரண்டாவது, மெனு எத்தனை குட்டையோ அத்தனை நல்லது. ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுத் தெருவுக்கும் நடுவே இருக்கிற 'தா மிக்கேலே' 1870-ல் ஆரம்பித்த குடும்பக் கடை. பல காலம் அங்கே இரண்டே ஐட்டம்தான்: மார்கரீட்டா, மரினாரா. இப்போது ஏதோ ஒன்றிரண்டு சேர்த்திருக்கிறார்கள். மரினாரா என்பது கடலோடிகள் பெயரில் வந்தது. ஆனால் மீன் கிடையாது, சீஸும் கிடையாது. தக்காளி, பூண்டு, ஒரிகானோ, எண்ணெய்... அவ்வளவுதான். சைவ பார்ட்டிகள் தைரியமாக உட்காரலாம். உட்கார இடம் கிடைத்தால்! பேங்க் மாதிரி டோக்கன் வாங்கி வாசலில் நிற்க வேண்டும். நம்பரை இத்தாலியனில் கூப்பிடுவார்கள். 87 என்றால் 'ஒட்டாந்தசெட்டே'. அசந்தால் 88-ம் நம்பர்காரர் உள்ளே போய்விடுவார். 2010-ல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தில் ஜூலியா ராபர்ட்ஸ் இங்கே உட்கார்ந்து பீட்ஸாவை ஒரு வெட்டு வெட்டினார். அப்புறம் கேட்பானேன், வாசலில் வெளியூர்த் தலைகள் கூடிவிட்டன.

மூன்றாவது, சுவரில் பதித்த கல்வெட்டைப் பார்த்து மயங்காதீர்கள். 'பிராண்டி' என்று ஒரு கடை. (பெயரைக் கேட்டு நிமிர்ந்து உட்கார வேண்டாம், பீட்ஸா கடைதான்!) 1889-ல் ராணி மார்கரீட்டாவுக்காக ரஃபாயேலே எஸ்பொசித்தோ என்பவர் சிவப்புத் தக்காளி, வெள்ளை சீஸ், பச்சைத் துளசி ஜாதி இலை வைத்து, இத்தாலியக் கொடி நிறத்தில் பீட்ஸா செய்தார், அதற்கு ராணி பெயரே நிலைத்தது என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள். அருமையான கதை! ஆனால் ராணிக்கு முன்பே அந்தச் சேர்மானம் ஊரில் இருந்தது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். ராணி சாப்பிட்டதால் ஒசத்தியாகவில்லை. ஊரே சாப்பிட்டதைத்தான் ராணியும் சாப்பிட்டார்.

கோர்ட்டுத் தெருவில் 'தி மத்தேயோ' கடைக்கு 1994-ல் ஜி-7 மாநாட்டுக்கு வந்த பில் கிளின்டன் வந்து பீட்ஸா சாப்பிட்டார். விளைவு, பிற்பாடு அதே தெருவில் 'ஜனாதிபதியின் பீட்ஸாக்காரர்' என்ற பெயரில் தனியாக ஒரு கடையே முளைத்தது. விளம்பரத்தில் நம்ம ஊர்க்காரர்களுக்கு அண்ணன்கள் இருக்கிறார்கள்!

இப்படித் தெருவோரக் கடைகளில் பீட்ஸாவை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்து, ஒரு காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். இதற்கு 'போர்த்தஃபோலியோ' என்று பெயர். அதாவது பர்ஸ். மேட்டரே பர்ஸில்தான் இருக்கிறது, சார்.

பீட்ஸா ஆதியிலிருந்தே பர்ஸ் காலியானவர்களின் சாப்பாடு. 1843-ல் பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்ஸாண்டர் டூமா இந்த ஊரைப் பற்றி எழுதும்போது, பீட்ஸாவைச் சந்தையின் தெர்மாமீட்டர் என்கிற மாதிரி குறிப்பிட்டார். மீன் மலிந்தால் மீன் பீட்ஸா விலை இறங்கும், எண்ணெய் ஏறினால் அதுவும் ஏறும். இரண்டாம் உலகப்போருக்குப் பின், ஊரில் எல்லாமே தட்டுப்பாடாக இருந்த நேரத்தில், பெண்கள் வீட்டு வாசலிலேயே எண்ணெய்ச் சட்டி வைத்து மாவைப் பொரித்து விற்றார்கள். "இன்னிக்குச் சாப்பிடு, எட்டு நாள் கழிச்சுக் குடு" என்று கடன். டீக்கடை அக்கவுன்ட்டேதான்! 1954-ல் வந்த 'நேப்பிள்ஸின் தங்கம்' படத்தில் சோஃபியா லோரன் இப்படித்தான் பீட்ஸா பொரித்து விற்பார்.

2022-ல் இந்தப் பர்ஸ் விஷயம் பெரிய தகராறாகவே வெடித்தது. ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் பேர் போன கோடீஸ்வரர் ஃப்ளாவியோ பிரியாத்தோரே, தம்முடைய ஹோட்டல்களில் 65 யூரோ வரைக்கும் பீட்ஸா விற்றார். 'இது என்ன பகல் கொள்ளை' என்றவர்களைப் பார்த்து, 'நாலு, ஐந்து யூரோவுக்கு பீட்ஸா விற்பவர்கள் கூலி, வாடகை, வரியெல்லாம் எப்படிக் கட்டுகிறார்கள்?' என்று திருப்பிக் கேட்டார். நேப்பிள்ஸ் பீட்ஸாக்காரர்கள் 485 டிகிரிக்குக் கொதித்தார்கள்.

காமர்ஸ் படித்தவனுக்கு இந்தச் சண்டை அல்வா சாப்பிடுகிற மாதிரி. 90 விநாடிக்கு ஒன்று என்றால் அடுப்பில் ஓர் இடத்தில் மணிக்கு 40 பீட்ஸா. ஒரே நேரத்தில் நாலு வைத்தால் 160. இது காகிதக் கணக்குதான், பாதியே விற்றாலும் விறகும் வாடகையும் எத்தனை பேர் தலையில் பிரிந்துவிடுகிறது பாருங்கள்! ஒவ்வொரு பீட்ஸாவிலும் கொள்ளை லாபம் வேண்டாம். கூட்டம் ஓயாமல் வந்தால் போதும். கூட்டம் வருவதால்தான் மலிவு, மலிவாக இருப்பதால்தான் கூட்டம். மாவு பழசாகாது, அடுப்பு ஆறாது. ருசி வேறு, கணக்கு வேறு இல்லை.

அதற்காக பிரியாத்தோரே கேள்வியை முழுசாகத் தள்ளவும் முடியாது. 2017-ல் யுனெஸ்கோ, நேப்பிள்ஸ் பீட்ஸாக்காரர்களின் கைவேலையை மனிதகுலத்தின் சொத்து என்று பட்டியலில் சேர்த்தது. கௌரவம்தான். கூடவே டூரிஸ்ட்டும் வருகிறார். பழைய நகரத்தில் குடும்பங்கள் இருந்த வீடுகள் ஒவ்வொன்றாக டூரிஸ்ட்டுகள் தங்குகிற அறைகளாகிக்கொண்டிருக்கின்றன. மாடியில் துணி காயப்போடும் அம்மாள் வாடகை தாங்காமல் காலி செய்துவிட்டால், "எங்க வீட்டுக்குக் கீழே இருக்கிற கடைதான் பெஸ்ட்" என்று சண்டை போட யார் இருப்பார்கள்?

அந்தக் கவலையோடு கொஞ்சம் வடக்கே நடந்தால் சானிதா என்கிற பேட்டை வரும். இத்தாலியின் மகா காமெடியன் தோத்தோ 1898-ல் பிறந்த ஏழைப் பேட்டை. அங்கே 'கொன்செத்தீனா' கடையில் ஒரு வழக்கம் உண்டு. நீங்கள் சாப்பிட்டதற்கு மேல் இன்னொரு பீட்ஸாவுக்கும் பணம் கட்டிவிட்டுப் போகலாம். காசில்லாமல் வருகிற யாரோ ஒருத்தருக்கு அது போய்ச் சேரும். கொடுத்தவர் யார் என்று இவருக்குத் தெரியாது, தின்றவர் யார் என்று அவருக்குத் தெரியாது. இந்த ஊர் காப்பிக் கடைகளில் ரொம்ப நாளாக இருந்த வழக்கம் பீட்ஸாவுக்கும் வந்திருக்கிறது.

எனவே, நேப்பிள்ஸ் போனால், "எது பெஸ்ட்?" என்று கேட்காதீர்கள். "சம்பளத்துக்கு முந்தின நாள் எங்கே சார் சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். எல்லோருக்கும் கை ஒரே பக்கம்தான் நீளும்.