கட்டிங் மாஸ்டர்

மேசைமேல் விரித்த எருமைத் தோலை அவர் முதலில் கையால்தான் பார்க்கிறார். உள்ளங்கை முதுகுப் பக்கம் தொடங்கி, தோளைத் தடவி, வயிற்றுப் பக்கம் இறங்குகிறது. ஓரிடத்தில் விரல் நிற்கிறது. ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார். முள்கம்பி கிழித்து ஆறிய தழும்பு. வெள்ளிப் பேனாவால் அதைச் சுற்றி ஒரு வட்டம். உண்ணி கடித்த புள்ளிகள், உரித்தவன் கத்தி பட்ட இடம் என்று இன்னும் ஐந்தாறு வட்டங்கள். அப்புறம்தான் பை வடிவில் வெட்டிய அட்டைகளை எடுக்கிறார்.

தாராவியில், சயான்–பாந்த்ரா லிங்க் ரோட்டுத் தோல் கடைகளுக்குப் பின்னால், இரும்பு ஏணி ஏறிப் போகும் மாடிக் கார்கானா. மிஷின்களில் பீகார் காரிகர்கள். மாஸ்டர் திருநெல்வேலிப் பக்கம், பத்தாவது முடிக்காதவர். அப்பா இங்கேயே தோல் பதனிட்டவர். பாந்த்ராவில் இருந்த கசாப்புக்கூடம் 1971இல் செம்பூரை அடுத்த தேவனாருக்குப் போனது. பதனிடும் தொட்டிகளும் பிறகு மூடப்பட்டன. இப்போது பதனிட்ட தோல் சென்னையிலிருந்தும் கான்பூரிலிருந்தும் வருகிறது. 2015இல் மகாராஷ்டிரம் காளை, எருதுகளை அறுப்பதையும் தடை செய்தபோது இந்தச் சந்து நன்றாகவே அடிவாங்கியது.

பையின் முகப்புக்கு முதுகுத் தோல். வாரை முதுகெலும்பின் போக்கிலேயே வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டினால் நாளாக ஆக இழுபட்டு நீளும். வயிற்றுத் தோல் தொளதொளப்பானது, கண்ணில் படாத துண்டுகளுக்குத்தான் ஆகும். விலை சதுர அடிக் கணக்கு. பின்புறம் குத்தியிருக்கும் அடி எண், இதில் 22. கார்கானா முதலாளி சேட் கேட்டது இரண்டு ஆபீஸ் பை. மாஸ்டர் அட்டைகளைத் திருப்பித் திருப்பி வைக்கிறார். ஒன்றின் வளைவுக்குள் இன்னொன்றின் மூலை போய் உட்காருகிறது. இரண்டு பை போக மூன்று பர்ஸுக்கும் இடம் தேறுகிறது. சேட்டின் லாபம் அந்த மூன்று பர்ஸில் இருக்கிறது. தையல் பிசகினால் பிரித்துத் தைக்கலாம். வெட்டு பிசகினால் தோலே போச்சு. அவருக்குக் கூலி கூடுதல் என்றால் அது இதற்குத்தான். நியாயமான கூலி.

மூலையில் பில் எழுதுகிறவன் அவர் தங்கை மகன். மாட்டுங்காவில் பி.காம். படித்தவன். வாரக் கூலி நோட்டைப் பார்த்துத் தொகைகளை வாசிக்கிறான். மாஸ்டருக்கு அவனுடையதைப்போல் இரண்டு பங்கு.

"மாமா, நானும் மேசைக்கு வந்துரட்டுமா?"

"ஆறு வருசம் பசை தடவணும்லே. முடியுமா?"

அவன் பதில் சொல்லவில்லை.

அந்த ஆறு வருஷத்தை மறைத்துவிட்டு, டிகிரி இல்லாமலே நல்ல சம்பளம் என்று பிள்ளைகளிடம் பேசுவது பாவம். பசை தடவி, ஓரம் சீவி, நூல் கத்தரித்து, ஹெல்பர் கூலியில் இளமை கழிகிறது. எல்லா ஹெல்பரும் மாஸ்டர் ஆவதில்லை. ஆனவருக்கும் இந்தக் கார்கானாவில் பி.எஃப். கிடையாது, கண் மங்கினால் என்ன என்பதற்கு யாரிடமும் பதில் கிடையாது. கல்லூரிக்குப் போகாதவனுக்கு நல்ல கூலி கொடுக்கிற தொழில், அவன் முதுமைக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்துக்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. தாராவிக்குள்ளேயே இலவச வீடு என்பது 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு. மாஸ்டர் வீடும் மாடியில்தான். தோல் கடை, பக்கிள் கடை, டை அடிப்பவர் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருப்பதால்தான் இந்த மேசைக்குத் தினமும் வேலை வருகிறது. ஊருக்கு வெளியே தள்ளிவிட்டால் இந்தக் கூலி நிற்காது.

"சர்வேக்காரங்க வந்தா என்னத்தக் காட்டப் போறீங்க, மாமா?"

மாஸ்டர் கத்தியைச் சாணையில் இரண்டு இழுப்பு இழுக்கிறார்.

"கரண்டு பில்லு, வாடகைச் சீட்டு, ரேஷன் கார்டு எல்லாம் டிரங்குப் பெட்டியில கிடக்கு. வருசவாரியா அடுக்கி, செராக்ஸ் எடுத்து வைலே. அது ஒனக்குத்தான் தெரியும்."