248 நாள் முதலிடம், கடைசியில் இரண்டாமிடம்



பந்து பார்க்காதவர்களும் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். முக்கியமாக, நாளைக் காலையில் ஓ.எல். எழுதப் போகிற பிள்ளைகளின் வாப்பாமார், உம்மாமார். பதிவு நீளம்தான். ஆனால் பாதிக்குப் பிறகு உங்கள் வீட்டுக் கதையும் வரும்.

இன்றைக்கு, மே 28, ஆர்சனலின் சீசன் முடிந்தது. கடைசிப் போட்டியில் வுல்வ்ஸுக்கு 5-0. சந்தோஷப்பட முடியவில்லை. கப் கையை விட்டுப் போய் ஒரு கிழமைக்கு மேல் ஆகிறது. மே 20 இரவு நொட்டிங்ஹம் ஃபொரஸ்டிடம் 1-0 தோற்றதோடு மன்செஸ்டர் சிட்டி சம்பியன் ஆகிவிட்டது. முடிவில் சிட்டி 89 புள்ளி, நாங்கள் 84. இந்த சீசனில் 248 நாள் முதலிடத்தில் நின்றோம். இங்கிலாந்தின் முதல் பிரிவில் இவ்வளவு நாள் முன்னுக்கு நின்றும் சம்பியன் ஆகாத வேறு டீம் இல்லையாம். எங்களுக்குக் கிடைத்த சாதனை அதுதான்.

அன்றிலிருந்து வட்ஸ்அப்பைத் திறக்க முடியவில்லை. மென்யூ மச்சான்மாருக்கு ஒரே பெருநாள். "எட்டுப் புள்ளி முன்னுக்கு நிண்டு கவுத்திட்டீங்களே சேர்" என்று படிப்பிக்கிற பொடியன்மாரே கேட்கிறார்கள். எல்லாரும் சொல்கிற காரணம் ஒன்றுதான்: ஆர்சனல்காரனுக்குக் கடைசி நேரத்தில் நெஞ்சு நடுங்கும்.

இதைப் பற்றி இரண்டு கிழமையாக யோசித்துக் கொண்டிருக்கிறேன். கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம்.

ஏப்ரல் 1ஆம் திகதி லீட்ஸை 4-1 அடித்தபோது எங்களுக்கு 29 போட்டியில் 72 புள்ளி. சிட்டிக்கு ஒரு போட்டி மிச்சம் இருந்தாலும் எட்டுப் புள்ளி பின்னுக்கு நின்றது. இனி ஒன்பது போட்டி, 27 புள்ளி. அதில் ஆறு வென்றிருந்தால் 90. அதுவே போதுமாக இருந்திருக்கும். கிடைத்தது 12.

அந்த ஏப்ரலை மறக்க முடியாது, ஏனென்றால் அது நோன்பு மாதம். 9ஆம் திகதி லிவர்பூல் மெட்ச் எங்கள் நேரம் இரவு 9 மணிக்கு. தராவீஹ் முடிந்து வந்து பார்த்தால் 2-0 முன்னுக்கு நிற்கிறோம். முடிவு 2-2. அதில்கூட ஸலாஹ் ஒரு பெனால்டியை வெளியே அடித்ததால்தான் அந்த ஒரு புள்ளியும் மிஞ்சியது. 16ஆம் திகதி வெஸ்ட் ஹாம், மாலை 6.30. நோன்பு துறந்து மஃரிப் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் திரும்பவும் 2-0. முடிவு திரும்பவும் 2-2. 2-1ஆக இருக்கும்போது சாகா பெனால்டியைத் தவறவிட்டார். இரண்டு நிமிடத்தில் மற்றப் பக்கம் கோல் விழுந்தது.

அடுத்தது சவுத்ஹாம்ப்டன். பெருநாள் இரவு, 12.30. வீட்டில் வட்டிலப்பம் அவிந்து கொண்டிருக்கிறது. சவுத்ஹாம்ப்டன் அட்டவணையில் கடைசி இடத்தில் கிடக்கிற டீம். ஆட்டம் தொடங்கி அரை நிமிடம் ஆகவில்லை, ராம்ஸ்டேல் கொடுத்த பாஸ் நேரே எதிராளியின் காலுக்குப் போய் கோல். பிறகு எங்களுடைய பழைய வோல்கொட்டே வந்து இரண்டாவதை அடித்தார். 88ஆவது நிமிடம் வரை 3-1 பின்னுக்கு. அதிலிருந்து 3-3 வரை வந்தார்கள். நெஞ்சு நடுங்குகிறவன் அப்படி வருவானா என்று எனக்கு அன்றைக்கே ஒரு கேள்வி இருந்தது. ஐந்து நாள் கழித்து சிட்டியின் மைதானத்தில் 4-1 தோல்வி. அதோடு கதை முடிந்தது என்று எனக்கு விளங்கிவிட்டது.

சரி, ஏன் இப்படி ஆனது?

மார்ச் 16ஆம் திகதி ஸ்போர்ட்டிங் லிஸ்பனோடு யூரோப்பா லீக் மெட்ச். முதல் அரை மணித்தியாலத்துக்குள்ளேயே இரண்டு பின்களக்காரர்கள் காயத்தோடு வெளியே போனார்கள். ஒருவர் டொமியாசு, மற்றவர் வில்லியம் சலீபா. இரண்டு பேரும் இந்த சீசனில் பிறகு விளையாடவே இல்லை. அதுவரை நடந்த 27 லீக் போட்டியிலும் சலீபா இருந்தார். அந்த 27இல் நாங்கள் வாங்கிய கோல் 25. அவர் இல்லாத 11 போட்டியில் வாங்கியது 18.

அவருடைய இடத்துக்கு வந்த ஹோல்டிங்கை எல்லாரும் திட்டினார்கள். அவர் வருடம் முழுக்க லீக்கில் பெரும்பாலும் வெளி பெஞ்சில் இருந்தவர். திடீரென்று வருடத்தின் மிகக் கஷ்டமான கிழமைகளில் கொண்டுபோய் நிறுத்தினால் அவர் என்ன செய்வார்? முதல் இரண்டு போட்டியும் அவரோடுதான் வென்றோம் என்பதையும் ஒருவரும் சொல்வதில்லை.

சாகா, காப்ரியல், ராம்ஸ்டேல் மூன்று பேரும் 38 போட்டியிலும் விளையாடினார்கள். சாகாவுக்கும் மார்டினெலிக்கும் வயது 21. கப்டன் ஒடெகார்டுக்கு 24. முதல் 19 போட்டியில் 50 புள்ளி எடுத்ததும் இந்தப் பிள்ளைகள்தான், அடுத்த 19இல் 34 எடுத்ததும் இவர்கள்தான். நல்லாப் போகிற நேரத்தில் அதே பதினொரு பேரைத் திரும்பத் திரும்ப இறக்கினோம். வென்று கொண்டிருந்ததால் நாங்கள் யாரும் கேள்வி கேட்கவில்லை. பதிலுக்கு நிற்க ஆள் போதாது என்பது ஒக்டோபரிலும் உண்மைதான். ஏப்ரலில்தான் அது வெளியே தெரிந்தது.

இதைச் சொல்வதால் எல்லாவற்றையும் மன்னித்துவிடுங்கள் என்று அர்த்தமில்லை. இரண்டு தரம் 2-0 முன்னுக்கு நின்று விட்டது ஆட்டத்தைப் பிடித்து வைக்கத் தெரியாத குறை. அது ஆர்டெட்டா பதில் சொல்ல வேண்டிய விஷயம். அத்தோடு சிட்டியையும் மறக்கக் கூடாது. பெப்ரவரி கடைசியிலிருந்து அவர்கள் லீக்கில் தொடர்ந்து 12 போட்டி வென்றார்கள். எங்களோடு ஆடிய இரண்டிலும் வென்றார்கள். ஒருவன் ஓடிக் களைக்கிறான், பின்னால் வருகிறவன் களைக்காமல் வருகிறான் என்றால், களைத்தவனைக் கோழை என்று சொல்ல முடியாது.

ஆர்சனலுக்கு இது முதல் தடவையும் இல்லை. 2003இலும் இப்படித்தான். முன்னுக்கு நின்ற டீம், ஏப்ரல் கடைசியில் போல்டனோடு 2-0இலிருந்து 2-2. மே மாதம் சொந்த மைதானத்தில் லீட்ஸிடம் 3-2 தோல்வி. கப் மன்செஸ்டர் யுனைட்டட்டுக்கு. அன்றைக்கும் இதே பேச்சுத்தான் பேசினார்கள். ஆனால் ஹென்றி, வியரா, பெர்க்காம்ப், பிரேஸ் எல்லாரையும் வெங்கர் அப்படியே வைத்துக் கொண்டார். கோல் காப்பாளராக லேமனைக் கொண்டு வந்தார். அடுத்த சீசன் 38 போட்டி, 26 வெற்றி, 12 சமநிலை, தோல்வி பூச்சியம். முந்திய மே மாதம் கவிழ்ந்த அதே ஆட்கள்தான்.

2008 வேறு கதை. நான் ஏ.எல். படித்துக் கொண்டிருந்த காலம். பெப்ரவரியில் பர்மிங்ஹமோடு நடந்த மெட்சில் எடுவார்டோவின் கால் முறிந்தது. அதற்குப் பிறகு சமநிலைக்கு மேல் சமநிலை. முதலிடத்தில் இருந்தவர்கள் 83 புள்ளியோடு மூன்றாம் இடத்தில் முடித்தார்கள். அந்த விடுமுறையில் ஃபிளாமினி மிலானுக்குப் போனார், ஹ்லெப் பார்சிலோனாவுக்குப் போனார். நடுக்களம் கலைந்தது. அதற்குப் பிறகு 2023 வரை லீக் கப் வரவில்லை.

இரண்டு வருடமும் கடைசியில் சறுக்கியது ஒரே மாதிரித்தான். சறுக்கியதற்குப் பிறகு ஆட்களை என்ன செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். அதனால்தான் இந்தக் கிழமை சாகா புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட செய்தி வந்தபோது, தோற்ற கவலையை விட அந்தச் சந்தோஷம் எனக்குப் பெரிதாக இருந்தது.

இனி வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் வகுப்பில் ஒரு பிள்ளை. பெயர் வேண்டாம். தரம் 10 முழுக்க முதல் மூன்றுக்குள் இருந்தவன். முன்னோடிப் பரீட்சையில் கீழே போய்விட்டான். கணக்கில் அரைவாசிகூட இல்லை. வாப்பா பாடசாலைக்கு வந்து எனக்கு முன்னாலேயே சொன்னார்: "எல்லாம் ஓடி வந்து கடைசியில கவுத்திட்டான் சேர். இவனுக்கு நெஞ்சில பயம்." பிள்ளை நிலத்தைப் பார்த்துக் கொண்டு நின்றான். வட்ஸ்அப்பில் என்னைச் சீண்டுகிற அதே வசனம் என்று அப்போதே எனக்குப் பட்டது.

இந்த பெட்ச் பிள்ளைகள் எப்படி இந்த இடத்துக்கு வந்தார்கள் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கொரோனாவில் பாடசாலை மூடியபோது தரம் 9, 10இல் இருந்தவர்கள். ஒரு போனை மூன்று சகோதரங்கள் பங்கு போட்டுப் படித்த வீடுகள் எனக்குத் தெரியும். போன வருடம் கரண்ட் இல்லை. பெற்றோல் இல்லாமல் பாடசாலை மூடியது. திறந்த நாட்களிலும் தூரத்து ஆசிரியர்கள் வர முடியவில்லை. டிசம்பரில் எழுத வேண்டிய பரீட்சை மே கடைசிக்குப் போனது. அதாவது இவர்களுடைய சீசன் ஐந்து மாதத்துக்கு மேல் நீண்டுவிட்டது. காலையில் பாடசாலை, பின்னேரம் ரியூஷன், இரவில் இன்னொரு ரியூஷன். ஓய்வு என்று ஒரு நாள் கொடுத்தோமா? நல்லா ஓடுகிற பிள்ளையை இன்னும் ஓடு என்றோம். களைத்துப் போனால் பயந்தவன் என்கிறோம்.

நோன்பிலும் நாங்கள் பார்க்கிறோம்தானே. முதல் பத்தில் பள்ளியில் நிற்க இடமிருக்காது. நடுப்பத்தில் ஸஃப் குறையும். கடைசிப் பத்தில் கூட்டம் புடவைக் கடையில் நிற்கும். பெரிய மனிதர்களுக்கே கடைசி வரை ஒரே வேகத்தில் போவது லேசு இல்லை. பதினாறு வயதுப் பிள்ளையிடம் மட்டும் அதை எதிர்பார்க்கிறோம்.

அந்தப் பிள்ளையோடு பிறகு தனியாகப் பேசினேன். பயம் எதுவும் இல்லை. இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து படிக்கிறான், காலையில் வினாத்தாளில் எழுத்து ஓடுகிறதாம். கணக்கில் இரண்டு அலகு அவன் படித்ததே இல்லை. அந்தப் பாடம் நடக்க வேண்டிய கிழமைகளில் பாடசாலை மூடிக் கிடந்தது. எங்கே ஓட்டை என்று தெரிந்தால் அடைக்கலாம். ஒரு அலகை இரண்டு கிழமையில் அடைத்தோம். மற்றதற்கு நேரம் போதவில்லை. சரி, இருக்கிறதை வைத்து எழுதுவான்.

பெற்றோரே, நாளைக் காலையில் பிள்ளை வீட்டை விட்டு இறங்கும்போது முன்னோடிப் பரீட்சையை ஞாபகப்படுத்தாதீர்கள். மாமியின் மகளுக்கு எத்தனை 'ஏ' என்றும் சொல்லாதீர்கள். இன்று இரவு பத்து மணிக்குள் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். காலையில் வயிற்றுக்குச் சாப்பாடு கொடுத்து, தலையில் கை வைத்து துஆ செய்து அனுப்புங்கள். முதல் வினாத்தாள் சரியில்லை என்று வந்தால் அதைத் தோண்டாதீர்கள். அடுத்த பாடம் இருக்கிறது. ஜூன் 8 வரை ஓட வேண்டும்.

ரிசல்ட் வந்த பிறகு, குறைந்திருந்தால், உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். எது கை கொடுத்தது, எது கை விட்டது, யார் பதிலுக்கு நிற்கவில்லை என்று. அந்தக் கணக்கில் ஆசிரியர்களாகிய எங்களுடைய பங்கும் இருக்கும், அதையும் பேசுவோம்.

மென்யூ மச்சான்மாருக்கும் லிவர்பூல் காக்காமாருக்கும் ஒரு வார்த்தை. சிரியுங்கள், உங்கள் உரிமை. வருகிற சீசனில் சம்பியன்ஸ் லீக் விளையாடப் போகிறோம், ஆறு வருடத்துக்குப் பிறகு. ஓகஸ்டில் சந்திப்போம்.

நாளை பரீட்சை எழுதுகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் லேசாக்கி வைப்பானாக. அனுமதி அட்டை, அடையாள அட்டை, இரண்டு பேனை. மறக்க வேண்டாம் மக்காள்.