கடைப்பெயர்த் துப்பாக்கிகள்

பழைய ஷாட்கன் ஒன்று மேசைக்கு வந்தால், வேலை கற்க வருகிற பிள்ளைகள் முதலில் குழலின் மேல் பொறித்த பெயரைத்தான் படிக்கிறார்கள். ஜே.சி. ஹிக்கின்ஸ், வெஸ்டர்ன் ஃபீல்டு, ரெவலேஷன். அடுத்து, அந்தப் பெயரில் தொழிற்சாலை எங்கே இருந்தது என்று தேடுவார்கள். எங்குமே இருந்ததில்லை. முதல் பெயர் சியர்ஸுக்கு, இரண்டாவது மாண்ட்கோமரி வார்டுக்கு, மூன்றாவது வெஸ்டர்ன் ஆட்டோவுக்குச் சொந்தம், மூன்றும் கடைகள். ஸ்டீவன்ஸ், ஹை ஸ்டாண்டர்டு, மாஸ்பெர்க் போன்ற ஆலைகளிடம் மொத்தமாக வாங்கி, தங்கள் பெயரை அடிக்கச் சொல்லி, விவசாயிக்கும் கூலிக்காரனுக்கும் மலிவாக விற்றார்கள். பென்சில்வேனியாவில் சின்னப் பட்டறை ஒன்றில் நான் தொழில் கற்றது இவற்றை வைத்துத்தான். இன்றைக்கும் என் சோறு இவற்றிலிருந்துதான் வருகிறது.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த பெரியவர், பெயர் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டே துப்பாக்கியை நீட்டுவார். யார் செய்தது, சொல் என்பார். மேல் நெம்புகோலின் வளைவு, ட்ரிக்கர் கார்டு ரிசீவரோடு சேரும் விதம், முன்கட்டை கழலும் விதம், திருகுகள் இருக்கும் இடம் ஆகியவற்றை வைத்துத்தான் சொல்ல வேண்டும். பெயரை எந்தக் கடையும் மாற்றிவிடலாம். அச்சையும் இயந்திரத்தையும் ஆலை மாற்றாது, செலவு பிடிக்கும்.

சியர்ஸ் துப்பாக்கிகளில் இந்தப் பாடு பாதிதான். மாடல் எண்ணில் புள்ளிக்கு முன்னால் நிற்கும் மூன்று இலக்கமே ஆலையைச் சொல்லிவிடும். 583 என்றால் ஹை ஸ்டாண்டர்டு, 101 என்றால் சாவேஜ்-ஸ்டீவன்ஸ், 273 என்றால் வின்செஸ்டர். சியர்ஸ் விற்ற டெட் வில்லியம்ஸ் மாடல் 200 என்பது வின்செஸ்டர் 1200-தான். வெஸ்டர்ன் ஃபீல்டு 550-ஐக் கழற்றினால் உள்ளே மாஸ்பெர்க் 500. மற்றவற்றுக்கு நம்ரிச் உதிரிபாகக்காரர்கள் வெளியிட்ட கடைப்பெயர் அட்டவணை உண்டு. என் பிரதியின் ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை.

கஷ்டம் அதற்கும் முந்தைய தலைமுறைத் துப்பாக்கிகளில்தான். கனெக்டிகட்டின் நார்விச்சில் கிரெசன்ட் கம்பெனி, ஒரே இரட்டைக்குழல் துப்பாக்கியை நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களில் செய்து கொடுத்தது. அதே காலத்தில் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்திலிருந்தும் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. இரண்டையும் பிரிக்க ஒரே வழி, முன்கட்டையைக் கழற்றி, குழல்களை இறக்கி, அடிப்பக்கத்துத் தட்டையைப் பார்ப்பது. நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகள் இருந்தால் லியேஜ். அமெரிக்காவில் குழலைச் சோதித்து முத்திரையிடும் அரசுச் சோதனைச்சாலையே இல்லாததால் கிரெசன்ட்டில் அப்படி ஒரு முத்திரையைப் பார்க்க முடியாது.

ஒரு முறை ஒருவர் வெளிக்குதிரை வைத்த இரட்டைக்குழலைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்தார். பக்கத் தகட்டில் டபிள்யூ. ரிச்சர்ட்ஸ் என்று இருந்தது. இங்கிலாந்தின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்று நினைத்து, வரப்போகும் பணத்தில் வீட்டுக் கூரையைக்கூட மாற்றத் தீர்மானித்திருந்தார். பெரியவர் ஒன்றும் பேசாமல் குழலைக் கழற்றி, துணியால் தட்டையைத் துடைத்து, பூதக்கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்தார். நீள்வட்டத்தை அவரே பார்த்தார். பெரிய பெயரை ஒட்டினாற்போல் ஒரு பெயரைப் பொறித்து விற்பது அந்நாளைய வழக்கம். இல்லை என்று நாம் வாயால் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் கண்ணாலேயே பார்க்க விட வேண்டும். இதை நான் அன்று கற்றுக்கொண்டேன்.

குழலைக் கழற்றிய கையோடு இன்னொன்றையும் செய்து பாருங்கள். குழலின் அடியில் இருக்கும் கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். மணிபோல இழுத்து ஒலித்தால் பற்றவைப்பு உறுதி. செத்த சத்தம் வந்தால் நடுப்பட்டை எங்கோ விட்டிருக்கிறது. பிறகு முன்கட்டையை மாட்டாமலே பூட்டி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஆட்டிப் பாருங்கள். முன்கட்டையின் வில் ஆட்டத்தை மறைத்துவிடும் என்பதால்தான் அதை மாட்டக் கூடாது. குழலுக்கும் ரிசீவர் முகத்துக்கும் நடுவில் வெளிச்சக் கீற்று தெரிந்தால் கீல்முளை தேய்ந்துவிட்டது. மலிவுத் துப்பாக்கியில் அதைச் சரிசெய்யும் கூலி துப்பாக்கியின் விலையைத் தாண்டும்.

குழலில் அலையலையாகக் கோலம் தெரிந்தால் டமாஸ்கஸ். இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் முறுக்கி, அடித்துச் சேர்த்த குழல். கரிமருந்துக் காலத்துச் சரக்கு. வெறும் எஃகின் மேல் கோலத்தை மட்டும் அச்சடித்து விற்றவர்களும் உண்டு. முன்கட்டை மறைக்கும் இடத்தில் நகக்கண் அளவு தேய்த்து, ஒரு சொட்டு அமிலம் வைத்தால் தெரிந்துவிடும். மெய்யான முறுக்கென்றால் கோலம் மறுபடி எழும்பி வரும்.

இதையெல்லாம்விட முக்கியம் சேம்பர் நீளம். அந்நாளைய 12 கேஜ் சேம்பர்கள் பல இரண்டே ஐந்தெட்டு அங்குலம். 16 கேஜ் இரண்டே ஒன்பது பதினாறு. இன்றைய தோட்டா இரண்டே முக்கால். மடித்த வாயோடு அது சமர்த்தாக உள்ளே போய் உட்காரும், துப்பாக்கியும் பூட்டிக்கொள்ளும். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் கழுத்தை அடைத்துக்கொள்ள, அழுத்தம் ஏறும். தோட்டா உள்ளே போகிறதே என்று வாதாடுகிறவர்களிடம் நான் பேசுவதில்லை. சேம்பர் கேஜை எடுத்து மேசையில் வைப்பேன்.

சீரியல் எண் இல்லையே, யாரோ அழித்துவிட்டார்களோ என்று பயந்து வருகிறவர்களும் உண்டு. அமெரிக்காவின் 1968 துப்பாக்கிச் சட்டத்துக்கு முன்னால் மலிவு ஷாட்கன் பலவற்றுக்கு எண்ணே அடிக்கவில்லை. அரம் போட்ட தடம் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

விலைக்கு வருவோம். ஒரே ஆலையில் ஒரே நாளில் செய்த இரண்டில், ஆலைப் பெயர் உள்ளது கூடுதலாகவும் கடைப்பெயர் உள்ளது குறைவாகவும் போகும்; சந்தை அப்படி. திருகுத் தலை சிதையாமல், பழைய நீலம் தேய்ந்த இடத்தில் தேய்ந்தபடியே இருந்தால் கொஞ்சம் சேர்த்துக் கேட்கலாம். பளபளவென்று பாலிஷ் போட்டு எழுத்தெல்லாம் மழுங்கியிருந்தால் உதிரிபாக விலைதான். விற்கும் முன் சுத்தம் செய்கிறேன் என்று கம்பி பிரஷ்ஷைக் கையில் எடுக்காதீர்கள். தாத்தாவின் துப்பாக்கி என்பதற்குச் சந்தையில் விலை கிடையாது, அதனால் விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள் என்றே நான் பலரிடம் சொல்கிறேன். சுட்டுப் பார்க்க ஆசையா? முதலில் சேம்பரை அளக்கக் கொடுங்கள். டமாஸ்கஸ் குழல் என்றால் சுவரில் மாட்டுங்கள்.